பாசி எடுக்கும் அம்மாவின் ஆதார் கைரேகையைப் பூட்டிவைக்கலாமா?

சின்னப்பாலம் மகள்:
அனைவருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் என் அம்மா கடல்பாசி எடுக்கிறார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார் என்றாலும், பாறையில் உரசி உரசி ரேகை தேய்ந்துவிட்டது. கணக்கில் விழும் பணத்தை வங்கி முகவரிடம் ஆதார் எண்ணைச் சொல்லி, விரல் வைத்துத்தான் எடுப்பார். சென்ற வாரம் முகவர் பலமுறை விரலை வைக்கச் சொல்லிவிட்டு, "ரேகை விழவில்லை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மாலையில் பார்த்தால் கணக்கில் 2,000 ரூபாய் குறைந்திருக்கிறது. அது திரும்பக் கிடைக்குமா? ரேகையைப் பூட்டிவைத்தால் இனி இப்படி நடக்காதா?

மண்டபம் வாசகர்:
சகோதரி, முதலில் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மைக்ரோ ஏடிஎம்மில் (முகவர் வைத்திருக்கும் சிறு கருவி) கணக்கில் பணம் கழிந்து, கையில் பணம் வராமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும் என்றும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கருவி பழுதல்ல, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். இனிமேல், விரல் வைத்தது தோல்வி என்று முகவர் சொன்னாலும் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்காமல் அம்மா நகரக் கூடாது.

தொண்டி கணினி ஆசிரியர்:
பூட்டுவது பற்றி நான் சொல்கிறேன். எஸ்டோனியா நாட்டின் அடையாள அட்டையில் சில்லு இருக்கிறது; அதனுடன் இரகசிய எண்ணும் தேவை; அட்டை தொலைந்தால் அதை முடக்கிவிட்டு வேறு வாங்கலாம். நம் ஆதார் அட்டையில் சில்லு கிடையாது. முகவரிடம் பணம் எடுக்க வங்கியின் பெயர், 12 இலக்க எண், விரல் ஆகியவை போதும், பின் நம்பர் கேட்பதில்லை. களவுபோன ரேகைக்குப் பதில் வேறு ரேகை வாங்க முடியாது என்பதால்தான் நான் பூட்டச் சொல்கிறேன். ஆதாரில் பதிவான கைபேசி எண் வழியாக, ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பூட்டிவிட்டு, பணம் எடுக்கும்போது மட்டும் தற்காலிகமாகத் திறக்கலாம். ஆனால் பூட்டு ரேகை களவைத்தான் தடுக்கும். அம்மாவே திறந்து விரல் வைக்கும் நேரத்தில் முகவர் ஏமாற்றினால் அதைத் தடுக்காது.

சின்னப்பாலம் மகள்:
மிக்க நன்றி ஐயா. ஆதாரில் என் கைபேசி எண்தான் இருக்கிறது. நானோ திருப்பூரில் வேலை செய்கிறேன். பூட்டிவிட்டால், அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றாலும் அம்மா என்னை அழைத்துத்தான் ஆக வேண்டுமா?

தொண்டி கணினி ஆசிரியர்:
ஆமாம் அம்மா, அதுதான் இதிலுள்ள உண்மையான சிரமம். ஆகவே அம்மா பெயரிலேயே ஒரு கைபேசி எண் வாங்கி, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் அதையே பதிவு செய்யுங்கள். கழியும் பணத்துக்கான குறுஞ்செய்தியும் அவர் கைக்கே வரும். அதோடு ஏடிஎம் அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். ரேகை தேய்ந்தவருக்கு நான்கு இலக்க இரகசிய எண்தான் நம்பகமான வழி. அது பிறருக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடலாம்.