30 கிலோவுக்குள் 34 வருடத் தையல்: எதை எடுத்துப்போவது?

கேள்வி: தையல் டீச்சர், கல்லிடைக்குறிச்சி

அடுத்த மாதம் மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறேன். இந்த முறை அங்கேயே இருந்துவிடப் போகிறேன். டிக்கெட்டில் 30 கிலோ, கைப்பையில் 7 கிலோ. இங்குள்ள வீட்டை வாடகைக்குப் பேசி முடித்தாகிவிட்டது. வருகிறவர்கள் பரணையும் காலி செய்து கேட்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

நான் எதையும் எறிகிறவள் இல்லை. 34 வருடம் தையல் சொல்லிக்கொடுத்தேன், தெருவுக்கும் தைத்துக் கொடுத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் பட்டன் மட்டும் ஆறு பாட்டில். நான்கு நிறம் பிரித்தது, இரண்டு பிரிக்காதது. வெட்டுத்துணி மூன்று கோணி. பழைய செய்தித்தாளில் வெட்டிய பாவாடை சட்டை மாதிரிகள், ஒரு வயதுக் குழந்தையிலிருந்து பன்னிரண்டு வயது வரை. கிழிந்த பேண்டுகளிலிருந்து பிரித்தெடுத்த ஜிப்புகள். காலால் மிதிக்கும் உஷா மிஷின். எங்கள் இருவர் பெயரும் நெய்த பத்தமடைக் கல்யாணப் பாய். அம்மா கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு. அப்பா வழியில் வந்த வைத்திய ஏட்டுக் கட்டு ஒன்று. படிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் பங்கு தனி. ஆலையில் வேலை பார்த்தவர். கயிறு, டார்ச் பல்பு, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள் 41. அவர் இருந்தபோது நான், "எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் போடுகிறேன் பார்" என்று மிரட்டாத நாள் இல்லை. இப்போது தடுக்க ஆள் இல்லை, கைதான் வரமாட்டேன் என்கிறது.

இதையெல்லாம்கூட எப்படியோ சமாளித்துவிடுவேன். அளவு நோட்டுகள்தான் தீராத தலைவலி. மொத்தம் 19. ஆளுக்கு ஒரு பக்கம்: உயரம், தோள், மார்புச் சுற்று, இடுப்பு, கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து. பக்கத்து ஓரத்தில் அன்றைக்குத் தைத்த துணியில் ஒரு துண்டைக் குண்டூசியால் குத்திவைப்பேன். எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் ரவிக்கை போட்ட பெண்களில் முக்கால்வாசிப் பேர் இதில் இருக்கிறார்கள். செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். மகள் போனில் கேட்கிறாள்: "அம்மா, அடுத்தவர்களின் மார்புச் சுற்றளவை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் என்ன செய்யப்போகிறாய்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

போனவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போடலாமா?

பதில்: வீரவநல்லூர்க்காரன், மெல்பர்ன்

டீச்சர், வணக்கம். முதலில் கப்பலை மறந்துவிடுங்கள். நான்கு பெட்டிக்காக ஒரு கன மீட்டருக்கு உண்டான குறைந்தபட்சக் கட்டணத்தைக் கட்டவேண்டி வரும். ஏற்றும் கூலி குறைவாகத்தான் தெரியும். இங்கே இறக்கி, கிடங்கில் வைத்து, பரிசோதனை முடித்து வாங்கும்போதுதான் கண் பிதுங்கும். அப்படியும் போடுவதானால், கிளம்புவதற்கு முன் 12 மாதம் உங்களிடம் இருந்து நீங்கள் பயன்படுத்திய பொருளுக்கு வரி இல்லை. பி534 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும்.

மரம், பாய், ஓலை, விதை, சாப்பாடு எல்லாவற்றையும் வருகை அட்டையில் 'ஆம்' என்று காட்டிவிடுங்கள். காட்டினால் அபராதம் கிடையாது. அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால்தான் வம்பு. பத்தமடைப் பாய் கொண்டுவரலாம், ஆனால் மண், பூச்சி, விதை ஒன்றுகூட இருக்கக்கூடாது. நன்றாகத் தட்டி, இரண்டு நாள் வெயிலில் போட்டுச் சுருட்டுங்கள். அவரைக்காய் விதை, முருங்கை விதை என்று முந்தானையில் முடிந்துவரும் பழக்கம் இருந்தால் ஊரிலேயே அவிழ்த்துவிட்டு வாருங்கள். என் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எவர்சில்வர் தட்டு, இட்லிக் கொப்பரை ஒன்றும் வேண்டாம். இங்கே மெல்பர்ன் பக்கத்து டான்டெனாங்கில் எல்லாம் கிடைக்கிறது. கிடைக்காதது ரவிக்கை தைக்கிற ஆள். கிடைத்தாலும் கூலி கேட்டால் மயக்கம் வரும். ஆகவே மிஷின் தலையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். மேஜை, இரும்புக் கால், மிதி எல்லாம் அங்கேயே இருக்கட்டும். ஊசியைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, சேலைக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கத்தரியும் பெரிய பெட்டியில்தான். இங்கே மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், பிளக் மட்டும் வேறு. அமெரிக்கா போனவர்கள் கதைதான் வேறு. அங்கே 120 வோல்ட், நம் ஊர் மிக்ஸி முனகும்.

இன்னொன்று. உள்நாட்டு விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் அதில் பெரும்பாலும் 15 கிலோதான். ஒரே டிக்கெட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், பாளையங்கோட்டை

அம்மா, அந்த ஏட்டுக் கட்டைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடமே போதும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த ஊர்களில் நம் நெல்லைச் சீமையும் உண்டு. இங்கே வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது, அங்கே கொடுங்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். அந்தப் பழக்கத்தால் போனது கொஞ்சமா?

குத்துவிளக்கு உங்கள் அம்மா காலத்தில் வாங்கியது என்றால் கவலையில்லை. பாட்டிக்குப் பாட்டி காலத்தது என்றால் பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளுக்கென்று மயில்தோகை எடுத்துவைத்திருந்தால் அதையும் வெளியே எடுங்கள். ஏற்றுமதிக்குத் தடை.

பதில்: சிந்துபூந்துறை வாசி

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தாமிரபரணி இடுப்புக்கு மேல் நின்றது. நாங்கள் அருமையாக நினைத்த ஆல்பங்கள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. வேண்டாத சாமானெல்லாம் பரணில் பத்திரமாக இருந்தது. இதை நினைத்தால் இன்றும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு ஒட்டியிருந்த போட்டோக்களை உரித்தேன். கல்யாணப் போட்டோவில் மாமனாரின் முகம் அடுத்த போட்டோவின் முதுகோடு போய்விட்டது. நல்ல தண்ணீரில் மறுபடி ஊறவிட்டுப் பிரித்து, நிழலில் முகம் மேலாகப் போட்டுக் காயவைத்திருக்க வேண்டுமாம். பிறகு தெரிந்து என்ன பயன்?

அளவு நோட்டுகளை ஜன்னல் ஓரமாக வைத்து, பிளாஷ் போடாமல், பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஒரு பிரதி மகளிடம், ஒன்று உங்களிடம். 19 நோட்டு நாலு நாள் வேலை.

பதில்: மனநலப் பிரிவுச் செவிலி

டீச்சர், தவறாக நினைக்காதீர்கள். பொருளை விடமுடியாமல் சேர்ப்பதை 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. உங்களுக்கு அது என்று நான் சொல்லவில்லை. கட்டிலில் படுக்க முடியாமலும் அடுப்பில் சமைக்க முடியாமலும் சாமான் அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனால்தான் கவலை. கழிக்கும்போது மனம் ஒட்டாத பொருளிலிருந்து ஆரம்பியுங்கள், ஜிப், வெட்டுத்துணி. உங்கள் கணவரின் சாவிகளைக் கடைசியில் எடுங்கள்.

மறுமொழி: தையல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. செவிலித் தங்கைக்கு: கட்டிலில் படுக்கிறேன், அடுப்பில் சமைக்கிறேன். பட்டாசலில் (கூடத்தில்) மட்டும் ஒருக்களித்து நடக்கவேண்டும். அது எந்தப் பட்டியல் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெட்டுத்துணி கோணிகளைத் தலையணை தைக்கிறவர் எடுத்துப்போனார். மிஷின் தலை 12 கிலோ, பெட்டியில் ஏறிவிட்டது. கால் பகுதியைப் பழைய மாணவி ஒருத்தி வாங்கிப்போய் அதன்மேல் டிவி வைத்திருக்கிறாள். ஏட்டுக் கட்டை என் தம்பி மகன் சென்னைக்குக் கொண்டுபோகிறான்.

அளவு நோட்டில் நடந்ததுதான் எதிர்பாராதது. சிந்துபூந்துறைத் தம்பி சொன்னபடி படம் எடுக்க வாசல் திண்ணையில் நோட்டுகளை விரித்தேன். அப்பளம் இட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "டீச்சர், என் பக்கம் எது?" என்று ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. 1994-இல் இடுப்பு 26 அங்குலம் என்று எழுதியிருந்ததை ஒருத்தி பக்கத்தோடு கிழித்து வாங்கிக்கொண்டாள்; வீட்டுக்காரரிடம் காட்டவேண்டுமாம். மாமியாரோடு ஜென்மப் பகையாக இருந்த ஒருத்தி மாமியாரின் பக்கத்தைக் கேட்டாள். அந்தக் குண்டூசித் துணி வீட்டுப் பால்காய்ப்புக்கு எடுத்த சேலையாம். இன்னொருத்தி, தன் அளவை இப்போது திருத்தி எழுதினால்தான் பக்கத்தை வாங்குவேன் என்று டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். எழுதினேன்.

படம் எடுக்கவே இல்லை. மிச்சம் அட்டைகளும், கேட்க ஆள் இல்லாத பதினான்கு பக்கங்களும். அவற்றை மட்டும் நூலால் கோத்துக் கைப்பையில் வைத்தேன். பட்டனில் ஒரு பாட்டில் வருகிறது, 1 கிலோ 400. மகளிடம் யாரும் சொல்லவேண்டாம்.

சாவிகள் இன்னும் ஆணியில்தான் தொங்குகின்றன. கடைசியில் எடுங்கள் என்றீர்கள். கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.