புதுப்பிப்பு: ஸ்டேஜிங் பில்டிலும் புரொடக்‌ஷன் ஏபிஐ முகவரியே வந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீட் (Vite, வெப் ஆப்களை பில்ட் செய்யும் கருவி) புராஜெக்டில் ஸ்டேஜிங்குக்கென்று, அதாவது வெளியிடும் முன் சோதிக்கும் சூழலுக்கென்று, தனி என்வ் ஃபைல் (ஏபிஐ முகவரி போன்ற அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) இருந்தும், பில்ட் செய்தால் புரொடக்‌ஷன் முகவரியே உள்ளே போகிறது என்று கேட்டிருந்தேன்.

பில்ட் கட்டளையோடு மோட் ஸ்டேஜிங் (--mode staging) என்று கொடுக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. எதுவும் சொல்லாவிட்டால் வீட் பில்ட் புரொடக்‌ஷன் மோடில்தான் ஓடும். ஸ்டேஜிங் ஃபைலைத் திறந்தே பார்க்காது. நோட்_என்வ் (NODE_ENV) என்ற சூழல் வேரியபிளின் மதிப்பை மாற்றிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு: அது வேறு, மோட் வேறு. அதை மாற்றினால் எந்த ஃபைல் படிக்கப்படும் என்பது மாறாது.

எதிர்பாராதது ஒன்று. என் கணினியில் சரியானது, கோடைத் தானாக பில்ட் செய்யும் சிஐ சர்வரில் பழைய முகவரியே வந்தது. அங்கே அதே பெயரில் ஒரு வேரியபிள் ஏற்கெனவே செட் ஆகியிருந்தது. வீட் ஓடத் தொடங்கும்போதே சூழலில் இருக்கும் மதிப்புக்குத்தான் முதலிடம். எந்த என்வ் ஃபைலாலும் அதை மாற்ற முடியாது. அங்கிருந்து நீக்கினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், இந்த மதிப்புகள் பில்ட் நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்டுக்குள் பதிந்துவிடும். அதனால் பழைய பில்டை வைத்துக்கொண்டு ஆப் ஓடும் கன்டெய்னரை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, மறுபடி பில்ட் செய்யத்தான் வேண்டும்.