தாத்தா கேடியாக ஓடிய கோல்ஃப் மைதானத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

அல்சூர் பேரன்: எல்லாருக்கும் வணக்கம். என் தாத்தாவுக்கு இப்போது 86 வயது. சின்னப் பையனாகக் கோலார் தங்கவயலில் கோல்ஃப் கேடியாக, அதாவது ஆடுபவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுபவராக, இருந்தவர். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொள்வதற்கு முந்தைய காலம் அது, சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி துரைகள் ஆடுவார்களாம். குழியைச் சுற்றிப் புல் கிடையாது. எண்ணெய் கலந்த மணலைப் பரப்பிப் பலகையால் இழுத்துச் சமன் செய்வார்கள், அதற்குப் பிரவுன் என்று பேர்.

போன மாதம் மாரிக்குப்பம் ரயிலில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தடியை நீட்டி “இங்கேதான்” என்றார். எனக்கு முள்ளும் புதரும்தான் தெரிந்தது. அவர் இருக்கும்போதே நாலு குழியையாவது வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். எப்படித் தொடங்குவது?

பழைய சர்வேயர்: தம்பி, நல்ல காரியம். முதலில் பழைய டோப்போ ஷீட் (மேடு பள்ளம் காட்டும் நில அளவை வரைபடம்) தேடுங்கள், அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய படங்கள். கோடையில், காலை அல்லது மாலை வெயிலில் போங்கள். நிழல் நீளமாக விழும்போதுதான் மனிதன் கட்டிய மேடும் வெட்டிய பள்ளமும் கண்ணுக்குப் படும். எண்ணெய் ஊறிய மணலில் செடி சுலபமாக வராது, புதர் நடுவில் வட்டமான மொட்டைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

மனம் தளராதீர்கள். ஸ்காட்லாந்தில் அஸ்கெர்னிஷ் என்ற இடத்தில் 1891-ல் ஓல்டு டாம் மாரிஸ் என்ற பழைய கோல்ஃப் வீரர் அமைத்த மைதானம் மணல்மேட்டுப் புல்லுக்குள் மறைந்தே போயிருந்தது. அதைத் தேடியெடுத்து 2008-ல் திரும்பத் திறந்தார்கள். நியூயார்க் பக்கம் லீடோ மைதானத்தை 1942-ல் கடற்படை எடுத்துக்கொண்டது, நிலமே போய்விட்டது. பழைய புகைப்படங்களை வைத்து அதே அமைப்பை விஸ்கான்சினில் 2023-ல் கட்டிவிட்டார்கள்.

செம்பூர் வாசகி: எங்கள் பம்பாயில் 1842-லேயே கோல்ஃப் கிளப் இருந்தது, இன்று இல்லை. அங்கே பை தூக்கிய பையன்கள் என்ன பார்த்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தாத்தா பேசுவதைப் பதிவு செய்யுங்கள். “எங்கே இருந்தது?” என்று கேட்காதீர்கள், “பந்து எங்கே தொலையும்?” என்று கேளுங்கள்.

அல்சூர் பேரன்: அக்கா, நேற்று ராத்திரி அப்படியே கேட்டேன். “நாலாவது குழியில்தான். சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும், பந்து போன இடம் தெரியாது” என்றார். அப்படியென்றால் நாலாவது குழிக்கு மேற்குப் பார்த்துத்தான் பந்தை அடித்திருக்கிறார்கள்! முதல் கோடு போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாரிக்குப்பம் போகிறோம்.