சியாச்சின் போகும் தம்பிக்கு என்ன கொடுத்துவிடலாம்?

திருப்பாலைக்குடிக்காரன்:
பட்டாளத்தில் இருக்கும் என் தம்பிக்கு இந்தக் குளிர்காலம் லடாக்கில் சியாச்சின் பனிமலையில் போஸ்டிங். மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற ஊர் எங்களுடையது, அம்மா பயந்துபோய் ரெண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, நெத்திலிக் கருவாடு என்று மூட்டை கட்டிவிட்டார்கள். அங்கே எப்படித்தான் தங்குகிறார்கள்? அவனைக் கேட்டால் எல்லாம் இருக்கும் என்பதோடு சரி.

முன்னாள் ஹவில்தார்:
தம்பி, யூனிட் பெயர், போஸ்ட் பெயர் எதையும் இங்கே எழுதிவிடாதீர்கள். ஸ்வெட்டர் வேண்டாம், பனிக்கோட்டு, பூட்ஸ், தூங்கும் பை எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள். பேஸ் கேம்ப்பே சுமார் 12,000 அடி, மேலே சில போஸ்டுகள் 20,000 அடி இருக்கும், அதனால் நேராக ஏற்றாமல் மூன்று கட்டமாக 14 நாள் உடம்பைப் பழக்குவார்கள். மேலே ஃபைபர் குடிசைதான் வீடு, நடுவில் புகாரி, அதாவது குளிர்காய மண்ணெண்ணெய்க் கணப்பு. பனியை அடுப்பில் உருக்கினால்தான் குடிக்கவே தண்ணீர், அப்புறம் குளியல் எங்கே, மாதக்கணக்கில் கிடையாது. புகாரிப் புகையில் எச்சில்கூடக் கருப்பாக வரும். குளிருக்குப் பயந்து காற்றுப்போக்கை அடைத்துவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும், இதை மட்டும் அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

மண்டபம் மாமா:
குளிர் மைனஸ் 50 வரை போகும்தான், ஆனால் என்னைக் கேட்டால் மூச்சுக்குக் காற்று போதாததுதான் பெரிய தொல்லை. பசிக்காது, தூக்கம் வராது, எடை இறங்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் உடனே கீழே இறக்கியாக வேண்டும், வானிலை மோசமாக இருந்தால் ஹெலிகாப்டரும் வராது. வேர்க்க வேர்க்க வேலை செய்யக் கூடாது, சாக்ஸுக்குள் வேர்வை உறைந்தால் விரலே போகும். வெறுங்கையால் இரும்பைத் தொடக் கூடாது. 2003 நவம்பரிலிருந்து அங்கே துப்பாக்கிச் சண்டை நின்றுவிட்டது, ஆனாலும் 2016 பிப்ரவரியில் ஒரே பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆட்கள் 10 பேர் போய்விட்டார்கள். இதை அம்மா காதில் போடாதீர்கள்.

தொண்டி அக்கா:
வீட்டுக்காரர் அங்கே இருந்தவர். டின் சாப்பாட்டில் நாக்கு செத்துவிடும் என்பார், கருவாடு கட்டாயம் கொடுங்கள். முழுசாக வேண்டாம், மூடிய குடிசையில் சுட்டால் பக்கத்தில் படுக்கும் வடக்கத்திக்காரர் சண்டைக்கு வருவார் (வந்தாராம்!). வறுத்து, மிளகாய் பூண்டு போட்டுப் பொடியாக இடித்துக் கொடுங்கள்.

திருப்பாலைக்குடிக்காரன்:
ரொம்ப நன்றி. புளிக்காய்ச்சல் தாங்குமா அக்கா?

தொண்டி அக்கா:
எண்ணெய் போட்டதெல்லாம் கல்லாக இறுகும், அடுப்புப் பக்கம் வைத்தால் இளகிவிடும். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம்.