மறு: புளூட்டோ – குறுங்கோளா, குள்ளக்கோளா? (அவசரம்)

அன்புடையீர், வணக்கம்.

ஏழாம் வகுப்புக்கான சூரியக் குடும்பச் சுவர்ப்படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எட்டுக் கோள்களில் சிக்கல் இல்லை. புளூட்டோ, ஏரிஸ், சீரிஸ் மூன்றுக்கும் 'குறுங்கோள்' (dwarf planet) என்று எழுதிக் கொடுத்தேன். ஓவியர் மூன்றையும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சிறுகோள் (asteroid) பட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். "குறுமையும் சிறுமையும் ஒன்றுதானே?" என்கிறார். மாணவர்களும் தேர்வில் இப்படித்தான் குழப்புகிறார்கள். வேறு சொல் உண்டா?

– அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்

---

'குள்ளக்கோள்' என்று போடுங்கள். ஒருமுறை கேட்டால் மறக்காது.

– மொழிபெயர்ப்பாளர், சென்னை

---

மறக்காது என்பதுதான் என் பயமும். உயரம் குறைந்த பையன் ஒருவன் முதல் பெஞ்சில் இருக்கிறான். மறுநாளே அவனுக்குப் புளூட்டோ என்று பெயர் வைத்துவிடுவார்கள். வேண்டாம் ஐயா.

– ஆசிரியை

---

வேரைப் பார்க்காமல் கிளையில் தொங்குகிறீர்கள். படு 'பாடு' ஆனதுபோல், கொள் என்னும் வினை முதல் நீண்டு 'கோள்' ஆயிற்று. வடமொழிக் கிரகத்துக்கும் பற்றுதல் என்றே பொருள். 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்று பட்டினப்பாலை அன்றே விண்மீனையும் (நாண்மீன்) கோளையும் (கோண்மீன்) பிரித்துக் காட்டியது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பது தருகிறது. அவற்றுள் ஒன்று குழவி. ஆகவே 'குழவிக்கோள்'. கையோடு சனியையும் 'மைம்மீன்' என்று மாற்றிவிடுங்கள். 'மைம்மீன் புகையினும்' என்று கபிலர் பாடியது சுவரில் ஏறட்டும்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

---

புலவர் ஐயா, புளூட்டோ இளையதன்று. பூமியைப் போலவே ஏறத்தாழ 450 கோடி ஆண்டு வயது. பிள்ளைகளுக்குக் குழவி என்றால் அம்மிக் குழவிதான்.

அளவு மட்டுமே காரணம் என்ற எண்ணத்தையும் விடுவோம். 2006இல் பிராகில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், கோளுக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைப் பிற பொருள்கள் இல்லாமல் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் தோற்றது. சீரிஸின் கதை இன்னும் வேடிக்கை. 1801இல் இத்தாலிய வானியலாளர் பியாட்சி கண்டபோது கோள் என்றார்கள், பிறகு சிறுகோள் ஆக்கினார்கள், 2006இல் புளூட்டோவோடு சேர்த்தார்கள். சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள அது இன்றும் சிறுகோள் பட்டையில்தான் சுற்றுகிறது. ஆக, மூன்றில் ஒன்றை ஓவியர் சரியாகவே வைத்திருக்கிறார்!

– வானியல் ஆர்வலர், கோவை

---

எங்கள் பாடநூல்களில் 'ஞாயிற்றுத் தொகுதி'. அதென்ன குடும்பம்? தாயார் யார், தகப்பனார் யார்?

– யாழ்ப்பாணத்திலிருந்து

---

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. எனக்கு ஒரே ஓர் ஐயம்: குறுங்கோளில் மெல்லினம் மிகுகிறது, சிறுகோளில் ஏன் மிகவில்லை?

– சென்னை

---

சிறுகதை, குறுங்கதை. வழக்கு அப்படி. நன்னூல் படித்தவர் கேட்கும் கேள்வியா இது?

– மதுரை

---

அனைவருக்கும் நன்றி. 'குறுங்கோள்' என்றே விடுகிறேன். வேறு எதற்கும் இரண்டு பேர் சேர்ந்து கைதூக்கவில்லை. கீழே ஒரு வரி: 'உருண்டையானது, ஆனால் தன் பாதையைத் துப்புரவாக்காதது'. பக்கத்தில் உருளைக்கிழங்கு வடிவில் ஒரு சிறுகோள். சீரிஸ் பட்டைக்குள்ளேயே இருக்கும்; புளூட்டோவும் ஏரிஸும் நெப்டியூனுக்கு அப்பால் போகின்றன.

– ஆசிரியை

---

உடன்படவில்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது 'குழவிக்கோள்' இடம்பெற வேண்டும்.

– மதுரை

---

இடமில்லை ஐயா. அங்கே சனியின் வளையம் வருகிறது.

– ஆசிரியை

---

மைம்மீனின் வளையம்.

– மதுரை