புதுப்பிப்பு: மகளின் சளிப் பரிசோதனை, நெபுலைசர் வரிசை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி சேரும் மரபணு நோய்) உள்ள என் மகளின் சளியில் சூடோமோனாஸ் கிருமி முதல் தடவையாகத் தென்பட்டதையும், நெபுலைசர் கருவி மூலம் மூச்சோடு இழுக்கும் மருந்துகளை எந்த வரிசையில் கொடுப்பது என்ற குழப்பத்தையும் முன்பு எழுதியிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. 28 நாள் டோப்ராமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து முடிந்தபின் எடுத்த கல்ச்சரில் (சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அந்தக் கிருமி இல்லை! வயிற்றில் பால் வார்த்த செய்தி.

வரிசையைப் பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால். அடுத்து வரும் 7 சதவீத உப்புக் கரைசல் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்பதால் இந்த முன்னேற்பாடு. உப்பு, குழாயின் உட்சுவருக்கு நீரை இழுத்துச் சளியை இளக்குகிறது. பிறகு மூச்சுப் பயிற்சி. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல் வாயை அகலத் திறந்து காற்றைத் தள்ளுகிறாள். முதுகில் கை வைத்தால் சளி மேலேறும் கரகரப்பு உள்ளங்கையில் தெரிகிறது. அது வெளியேறிய பின்பே டோப்ராமைசின். அடைத்த குழாய்க்குள் மருந்து போய்ச் சேராது.

நெபுலைசர் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, தினமும் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தில்தான் சூடோமோனாஸ் பெருகும். மருந்துக்கு இணையாக இதை மதிக்க வேண்டும் என்பேன்.

இந்த நோயின் மூலக் கோளாறைச் சீராக்க உதவும் டிரிகாஃப்டா மாத்திரை பற்றிச் சிலர் கேட்டீர்கள். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மாத்திரை எல்லா மரபணுப் பிறழ்வுகளுக்கும் பலன் தராது. விலையும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத உயரம். இது பெரும் அநீதி. மகளின் மரபணு அறிக்கை வந்ததும் எழுதுகிறேன்.