அமெரிக்க ஃபெடரல் நீதிபதி: சீனியர் ஸ்டேட்டஸ் என்றால் ஓய்வா?

கேள்வி: ஆயுள் முழுவதும் பதவி என்கிறார்கள். பிறகு சீனியர் ஸ்டேட்டஸ் எதற்கு? வேலையை விட்டதாக அர்த்தமா?

பதில் 1: இல்லை. சீனியர் ஸ்டேட்டஸ் என்பது முழுநேரப் பொறுப்பிலிருந்து விலகி, வேலையைக் குறைத்துக்கொண்டு நீதிபதியாகவே தொடரும் நிலை. அதற்கு வயதும் சர்வீஸும் கூட்டினால் 80 வர வேண்டும்: 65 வயதில் 15 ஆண்டு, 66இல் 14, இப்படியே 70இல் 10. அதன்பின் எத்தனை வயதானாலும் 10 ஆண்டுக்குக் குறையக் கூடாது. 72 + 8 செல்லாது. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். சீனியரானதும் அவர் இடம் காலியாகும், அதிபர் புதியவரை நியமிக்கலாம். ஆனால் சீனியரானவர் தொடர்ந்து வழக்குகளை விசாரிக்கலாம். பின்னால் வரும் சம்பள உயர்வும் வேண்டுமென்றால், சுமார் கால்பங்கு வேலையாவது செய்ததாக ஆண்டுதோறும் சான்று தேவை.

பதில் 2: சிலர் "எனக்கு அடுத்தவரை செனட் உறுதிசெய்த பிறகே சீனியராவேன்" என்று நிபந்தனை போடுவார்கள். அதற்குள் ஆட்சி மாறினால் முடிவைத் திரும்பப் பெறுவதும் உண்டு. 2024 தேர்தலுக்குப் பின் அப்படி நடந்தது. சட்டம் தடுக்கவில்லை என்றாலும், நீதிமன்றத்தின் நடுநிலைப் பெயருக்கு அது நல்லதல்ல.

பதில் 3: உச்ச நீதிமன்றத்துக்குக் கீழுள்ள ஃபெடரல் நீதிமன்றங்களில் தலைமை நீதிபதி பதவி மட்டும் ஆயுளுக்கானதல்ல, பொதுவாக அதிகபட்சம் 7 ஆண்டு. திருநெல்வேலிப் பூர்விகம் கொண்ட ஸ்ரீ சீனிவாசனை டி.சி. சர்க்யூட் (வாஷிங்டன் டி.சி.யிலுள்ள ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) நீதிபதியாக 2013இல் செனட் 97-0 என உறுதிசெய்தது, 2020இல் அவர் அதன் தலைமை நீதிபதியானார். அங்கே தேர்வு பணிமூப்புப்படிதான், அதிபர் நியமிப்பதில்லை.